காற்றடைத்த வானமும் காவலூர் வானமும்

ஜவ்வாது மலை என்றதும் நம்மவர்களுக்குச் சந்தன மரம் நினைவுக்கு வரும். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்களுக்குத் தேனும் சாமையும் பலாவும் நினைவுக்கு வரும். ஆனால் இம்மலையில் கிடைக்கும் பொருள்களிலெல்லாம் அருமையானது வேறொன்று உண்டு. அதை வெட்டி எடுக்க முடியாது. மூட்டை கட்டிச் சந்தைக்கு அனுப்ப முடியாது. நிறுத்து விலை சொல்லவும் முடியாது. அதுதான் இருட்டு.

"இதென்ன வேடிக்கை! இருட்டு எங்கேதான் இல்லை?" என்று நேயர்கள் கேட்கக் கூடும். சென்னைப் பட்டணத்தில் இல்லை, வேலூரில் இல்லை, மலையடிவாரத்துச் சிற்றூர்களில்கூட வரவரக் குறைந்து வருகிறது. இன்றிரவே மொட்டை மாடியில் ஏறி நின்று நக்ஷத்திரங்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலோருக்குக் கை விரல்களே போதும், பற்றாதவர்கள் பாக்கியசாலிகள்.

சென்ற மாசி மாதத்து அமாவாசையை ஒட்டி நாம் வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறினோம். தனியே அல்ல. நம்முடன் ஒரு வானமும் வந்தது! நண்பர் ஒருவர் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டு போய்க் காட்டும் நக்ஷத்திரக் கூடாரம் அது. மடித்தால் ஒரு பெரிய படுக்கை மூட்டை அளவுதான். விரித்துக் காற்றடைத்தால் இருபதடி அகலமுள்ள மண்டபமாகிவிடும். வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் நாலைந்து திருப்பங்களுக்கு ஒரு முறை அந்த மூட்டை நம் மடியில் வந்து விழுந்தது. அகில உலகத்தையும் தாங்கிய ஆதிசேஷனுடைய சிரமம் அன்று நமக்கு நன்றாய் விளங்கிற்று.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இந்த ஜவ்வாது மலை, திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் ஆகிய ஜில்லாக்களில் பரவிக் கிடக்கிறது. இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள தேசத்தார் என்று மயங்க வேண்டாம். இவர்கள் தாய்மொழி தமிழ்தான். காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று ஒரு பழங்கதை இவர்களிடையே வழங்கி வருகிறது. இவர்களுடைய குழந்தைகள் தங்கிப் படிப்பதற்கென்று மலைமேல் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் நாம் போய்ச் சேர்ந்த இடம்.

கூடாரத்தை எங்கே விரிப்பது என்பதே முதற் பிரச்னையாயிற்று. வெளியில் விரித்தால் மலைக்காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கடைசியில் பிள்ளைகள் சாப்பிடும் கூடத்தைக் கழுவி ஒழித்துக் கொடுத்தார்கள். மின்சார விசிறி காற்றை ஊத ஊத, தரையில் தொய்ந்து கிடந்த கறுப்புத் துணி ஒரு பிராணி சோம்பல் முறித்து எழுந்திருப்பதுபோல் எழுந்தது. அதைப் பார்ப்பதற்கே பள்ளி முழுவதும் ஜன்னல்களில் தொங்கியது. உள்ளே நுழைவதற்கு ஒரு துணிக் குகை. குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்துதான் போக வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு இருபத்தைந்து பிள்ளைகள் வீதம் உள்ளே போனார்கள்.

நடுவில் ஒரு சிறு யந்திரம். அதிலிருந்து புறப்படும் வெளிச்சம் அரைக்கோளமான கூரை முழுவதும் படமாக விரிகிறது. முன்னால் ஒரு திரை, அதில் ஒரு படம் என்ற கதையே இல்லை. தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் படந்தான். ராக்கெட் கிளம்பியபோது எல்லாக் குழந்தைகளும் ஏககாலத்தில் கூச்சலிட்டுப் பக்கத்திலிருந்தவர் கையைப் பற்றிக்கொண்டார்கள். சனிக் கிரகத்தின் வளையத்துக்குள் புகுந்து வெளிவந்தபோது ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டான், இடித்துவிடப் போகிறதே என்று!

இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆயினும் நம் மனம் முழு நிறைவு கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் படம் வேறு தேசத்தில் யாருக்கோ எடுத்தது. தமிழ்ப் பேச்சைப் பின்னால் ஒட்டவைத்திருந்தார்கள். பேச்சும் வேகம், காட்சியும் வேகம். சந்திரனில் நடக்கும் மனிதர்களெல்லாம் அயல் நாட்டார். 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு 23-ஆம் தேதி சந்திரனின் தென் துருவத்துக்கு அருகே நம்முடைய சந்திரயான்-3 இறங்கியதையும், அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்திய வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதையும் நண்பர் தம் சொந்த வாயால் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் காண வேண்டுமே!

பிறகு அவர் படத்தை நிறுத்திவிட்டார். ராக்கெட்டு இல்லை, சங்கீதம் இல்லை. "இது உங்கள் ஊர் வானம், இன்று ராத்திரி இருக்கப்போகிறபடி" என்று சொல்லி, கூரை முழுவதும் நக்ஷத்திரங்களைப் போட்டார். பின்பு அதை மெதுவாகச் சுழலவிட்டார். ஓர் இரவு ஐந்து நிமிஷத்தில் கழிந்தது. எல்லா நக்ஷத்திரங்களும் கிழக்கே எழுந்து மேற்கே சாய, வடக்கே தாழ்வாக ஒன்று மட்டும் நகராமல் நின்றது. "அது ஏன் ஸார் சும்மா நிக்குது?" என்று ஒரு குரல் கேட்டது. யாரும் கேள்வி கேட்கச் சொல்லாமலே கேட்ட முதல் கேள்வி அதுதான்.

துருவ நக்ஷத்திரம் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அத்தனை பாகைதான் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. ஜவ்வாது மலையில் அது பன்னிரண்டரைப் பாகை. நண்பர் கூடாரத்தையே ரெயில் வண்டியாக்கினார். கன்னியாகுமரிக்குப் போனோம், துருவன் எட்டுப் பாகைக்கு இறங்கினான். காசிக்குப் போனோம், இருபத்தைந்துக்கு ஏறினான். காசுமீரத்தில் முப்பத்து நாலு. பாரத தேசத்தின் நீளத்தைப் பிள்ளைகள் வானத்திலேயே அளந்துவிட்டார்கள்! கடைசியில் வட துருவத்துக்கே போனபோது அது உச்சந்தலைக்கு நேர் மேலே நின்றது. மற்ற நக்ஷத்திரங்கள் எழவுமில்லை, விழவுமில்லை. செக்கு மாடுபோல் சுற்றிச் சுற்றி வந்தன. நாமும் பள்ளிக்கூடத்து ஆசாமிதான். கரும்பலகையில் இதைச் சொல்லிக் கொடுக்க எத்தனை சுண்ணாம்புக் கட்டிகளைச் செலவழித்திருக்கிறோம் என்று கணக்கே இல்லை. கூடாரத்தின் உண்மையான சக்தி ராக்கெட்டில் இல்லை. பன்னிரண்டு மணி நேரத்தை ஐந்து நிமிஷமாக்குவதிலும், குழந்தையை உட்கார்ந்த இடத்திலிருந்தே பூமியின் மேல் நகர்த்துவதிலுந்தான் இருக்கிறது.

வெளியே வரும்போது ஒரு சிறுமி, "கூடாரத்தை மடிச்சுட்டா நட்சத்திரமெல்லாம் எங்கே ஸார் போகும்?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு வெளியே வரச் சொன்னோம்.

இப்படிப்பட்ட செயற்கை வானத்தை முதன்முதலில் செய்தவர்கள் ஜெர்மனி தேசத்தில் யேனா நகரத்திலுள்ள ஸைஸ் கம்பெனியார். பௌவர்ஸ்பெல்டு என்னும் பொறியியலாளர் அமைத்த யந்திரம் 1923-ஆம் வருஷம் மூனிச் நகரத்துப் பொருட்காட்சிச்சாலையில் ஜனங்களுக்குக் காட்டப்பட்டது. நம் சென்னைக் கோட்டூர்புரத்துப் பிர்லா கோளரங்கம் 1988-இல் திறக்கப்பட்டது. கோளரங்கத்துக்குக் குழந்தைகள் வர முடியாவிட்டால் கோளரங்கம் குழந்தைகளிடம் போகட்டும் என்று பிறந்ததுதான் இந்தக் காற்றுக் கூடாரம். அந்த யேனாவுக்கும் ஜவ்வாது மலைக்கும் வேறொரு சம்பந்தமும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

எட்டு மணிக்குப் பிள்ளைகள் போர்வையும் பாயுமாக மைதானத்தில் கூடிவிட்டார்கள். ஆனால் வானம் வரவில்லை. வாசலில் புதிதாகப் போட்டிருந்த வெள்ளை விளக்கு ஒன்று கண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. அதை அணைக்கச் சொன்னபோது விடுதிக் காப்பாளர் அம்மையார் தயங்கினார். "பாம்பு நடமாட்டம் உண்டு, பெண் குழந்தைகள் வேறே இருக்கிறார்கள். இந்த விளக்கு வருவதற்கு எத்தனை மனு போட்டோம் தெரியுமா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லையா? மலைமேல் விளக்கு வர எத்தனையோ காலமாயிற்று. பட்டணத்திலிருந்து ஒரு நாள் வந்தவர்கள் "ஆஹா, இருட்டு எவ்வளவு அழகு!" என்று சொல்லி அதை அணைக்கச் சொல்வது என்ன தர்மம்? கடைசியில் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் சம்மதித்து, தாமே கையில் கம்புடன் மைதானத்தைச் சுற்றி வந்தார்.

விளக்கு அணைந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. நாலைந்து நிமிஷம் ஆனபின் ஒவ்வொன்றாகத் தோன்ற ஆரம்பித்து, பிறகு ஒவ்வொன்றாக என்று சொல்ல முடியாதபடி கொட்டியது. உச்சியைச் சற்றே கடந்து மிருகசீரிஷமும் திருவாதிரையும். மேற்கே சாயத் தொடங்கியிருந்த கார்த்திகைக் கூட்டம். வடகிழக்கில் தலைகாட்டும் சப்தரிஷி மண்டலம். "கூடாரத்திலே இருந்ததைவிட இங்கே அதிகமா இருக்குது ஸார்!" என்று ஒருவன் புகார் சொன்னான். நண்பர் தம் யந்திரத்தின் சார்பாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

கையை நீட்டி முஷ்டி பிடித்தால், முஷ்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறையப் பத்துப் பாகை. வடக்கு அடிவானத்தின்மேல் ஒரு முஷ்டி. அதன்மேல் ஒரு கட்டைவிரல் அகலம். அங்கே அவன் நின்றான், துருவன். அவ்வளவு பிரகாசமில்லாமல், ஆனால் கணக்குக்குத் தப்பாமல். இருபத்தைந்து முஷ்டிகள் இருட்டில் நீண்டிருந்த அந்தக் காட்சி நம் கண்ணிலேயே நிற்கிறது. தெற்கே சமையற்கட்டுப் புகைபோக்கிக்கு மேலாக அகத்தியர் சுடர்விட்டார். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருப்பவர்கள் அகத்திய நக்ஷத்திரத்தை ஆயுள் முழுதும் பார்க்க முடியாது. அது அவர்களுக்கு அடிவானத்தின்மேல் வருவதே இல்லை. இதைக் கேட்டதும், "பாவம் ஸார் அவங்க!" என்றாள் கூடாரத்து வாசலில் கேள்வி கேட்ட அந்தச் சிறுமி. சீமையைப் பார்த்து நம் மலைக் குழந்தை ஒன்று பரிதாபப்பட்டதைக் காதால் கேட்க நேர்ந்ததே, அந்த மட்டில் நம் பிரயாணம் பலித்தது.

மறுநாள் சனிக்கிழமை. தலைமை ஆசிரியர் அநுமதி வாங்கி வைத்திருந்தபடியால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுடன் காவலூருக்குச் சென்றோம். காட்டுக்கு நடுவே வெள்ளைக் கோபுரங்கள் திடீரென்று தெரிந்தன. இதே மலையில் பிறந்து வளர்ந்த அப்பிள்ளைகளில் ஒருவர்கூட அதுவரை அந்த வாசலைத் தாண்டியதில்லை.

காவலூர் வானாராய்ச்சி நிலையத்தின் வமிசாவளி நீண்டது. 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கும்பினியார் அமைத்த நிலையந்தான் அதன் மூதாதை. அங்கே நாட்டிய கருங்கல் தூண், தமிழ் எழுத்துக்களோடு இன்றும் நிற்கிறது. அந்நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி இரகுநாதாசாரியார், 1867-இல் ஒளி மாறும் நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டறிந்தவர். அதைவிட நமக்கு அவரிடம் மதிப்பு உண்டாக்குவது வேறொன்று. 1874-ஆம் வருஷம் டிசம்பரில் சுக்கிரன் சூரியனைக் கடந்து சென்றபோது, அது என்ன நிகழ்ச்சி, ஏன் நேருகிறது என்று சாதாரண ஜனங்களுக்கு விளங்கும்படி ஒரு சிறு நூல் எழுதி, இந்திய பாஷைகளிலும் வெளிவரச் செய்தார். ஊர் ஊராக வானத்தைக் கொண்டு போகும் நம் நண்பருக்கு அவரே பாட்டனார் என்று சொல்லலாம்.

பின்பு 1899-இல் நிலையம் கோடைக்கானலுக்குப் போயிற்று. அங்கே 1960-இல் தலைமை ஏற்றவர் வைணு பாப்பு. 1927-இல் சென்னையில் பிறந்தவர். ஹார்வர்டு சர்வகலாசாலையில் மாணவராயிருந்த காலத்தில், 1949-இல், ஒரு வால்நக்ஷத்திரத்தைக் கண்டுபிடித்துத் தம் பெயரை அதனுடன் சேர்த்தவர். வடக்கு வானம், தெற்கு வானம் இரண்டும் தெரியும்படி பூமத்திய ரேகைக்கு அருகில், ஊர் வெளிச்சம் இல்லாத இடமாக வேண்டும் என்று தேடி, இந்தக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். ஆஸ்திரேலியாவுக்கும் தென் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே தெற்கு வானத்தைப் பார்க்க அன்று வேறு பெரிய நிலையம் இருக்கவில்லை. 1968-இல் கோடைக்கானல் பட்டறையிலேயே செய்த பதினைந்து அங்குலத் தொலைநோக்கியுடன் வேலை தொடங்கிற்று. 1972-இல் ஒரு மீட்டர் அகலக் கண்ணாடியுள்ள தொலைநோக்கி வந்தது. அது எங்கிருந்து வந்தது என்றால், யேனாவிலிருந்து, அதே ஸைஸ் கம்பெனியிலிருந்து. கூடாரத்து வானத்துக்கும் காவலூர்த் தொலைநோக்கிக்கும் பிறந்த வீடு ஒன்றுதான்!

அந்தத் தொலைநோக்கியின் கீழ் நின்றுகொண்டு பிள்ளைகளுக்கு ஒரு சங்கதி சொன்னோம். 1977-ஆம் வருஷம் மார்ச்சு 10-ஆம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு மங்கலான நக்ஷத்திரத்தை மறைத்துக்கொண்டு செல்லும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கிரகம் வரும் முன்பே நக்ஷத்திரத்தின் ஒளி கண் சிமிட்டுவதுபோல் மங்கியது. ஹிந்து மகா சமுத்திரத்தின்மேல் பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானத்திலிருந்தவர்களும் அதைக் கண்டார்கள். காவலூரிலும் அது பதிவாயிற்று. யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அப்படித்தான். நாம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பையன் கைவிளக்கைப் பிடிக்க, மற்றொருவன் தன் தகரத் தண்ணீர்ச் செம்பைச் சுற்றிக் கம்பி வளையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நடந்தான். வெளிச்சம் சிமிட்டிற்று, மறைந்தது, மறுபடி சிமிட்டிற்று. அந்த வளையம் எங்கே கிடைத்தது என்று கேட்டோம். டயர் ஓட்டுகிற விளையாட்டுக் கம்பியாம்.

பெரிய கோபுரத்தில் இருக்கும் தொலைநோக்கிக்குப் பாப்புவின் பெயர். 1986-ஆம் வருஷம் ஜனவரியில் பிரதம மந்திரி ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்தார். அதைக் காணப் பாப்பு இல்லை. 1982-லேயே காலமாகிவிட்டார். கண்ணாடியின் அகலம் தொண்ணூற்று மூன்று அங்குலம். மனிதக் கண்ணைப்போல் ஒரு லக்ஷம் மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்க வல்லது. அந்தக் கண்ணாடியைத் தேய்த்து மெருகிட்டதும் தொலைநோக்கியை வார்த்துக் கட்டியதும் நம் நாட்டிலேயே. இதே காவலூரில் 1988-இல் கண்டுபிடித்த ஒரு சிறு கிரகத்துக்கு நம் கணித மேதையின் பெயரால் ராமானுஜன் என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதைத் தேடிய திட்டத்தின் பெயர் 'கல்கி'. பத்திரிகை வாசகர்கள் வேறொன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்தாவது அவதாரத்தின் பெயர்தான் அது.

திரும்பும் வழியில் மலைவிளிம்பில் வண்டியை நிறுத்தினோம். கீழே சமவெளி முழுவதும் வெளிச்சக் குவியல்கள். ஒவ்வோர் ஊரின் மேலும் மங்கிய வெள்ளைக் குடை. அந்தப் பக்கத்து அடிவானத்தில் நக்ஷத்திரமே இல்லை. பாப்பு தேடிக் கண்ட இருட்டு கரைந்துகொண்டு வருகிறது. கோடி கோடியாகச் செலவிட்டுத் தொலைநோக்கி வாங்கலாம். இருட்டை எந்த யேனாவிலிருந்து தருவிப்பது?

லடாக்கில் ஹான்லே என்னும் இடத்தில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. காவலூரை நடத்துகிற அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரின் தொலைநோக்கி அங்கும் உண்டு. அந்தப் பிரதேசத்தை 2022-இல் இருள் வானக் காப்பகமாக அறிவித்தார்கள். விளக்குகளை அணைத்துவிடவில்லை. வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி விளக்குகளுக்கு மூடி போட்டார்கள். அவ்வூர் ஜனங்களுக்கே பயிற்சி கொடுத்து, தொலைநோக்கியும் கொடுத்து, வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டும் வழிகாட்டிகளாக்கினார்கள். ஜவ்வாது மலையில் இது ஏன் ஆகாது? நம் காப்பாளர் அம்மையாரின் விளக்குக்கு ஒரு தகரத் தொப்பி போதும். பாம்பும் தெரியும், அகத்தியரும் தெரிவார். வழிகாட்டிகளுக்கோ இருபத்தைந்து பேரை நாமே சிபார்சு செய்வோம். முஷ்டியும் கட்டைவிரலும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடாரத்தின் காற்றை இறக்கி மூட்டை கட்டி, நண்பர் அடுத்த பள்ளிக்குப் போனார். வருஷத்துக்கு ஒரு நாள் வருகிற கூடாரத்தால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்பதுண்டு. கூடாரத்தோடு முடிந்துவிட்டால் திருவிழா ராட்டினம்போலத்தான் ஆகும், சந்தேகமில்லை.

இரண்டு வாரங்களுக்குப் பின் அப்பள்ளியிலிருந்து நமக்கு ஒரு தபால் கார்டு வந்தது. கோணல் மாணலான எழுத்து. நாலைந்து பேர் கையெழுத்து. நாம் இருந்த இரவில் எட்டரை மணிக்கு அகத்தியர் சமையற்கட்டுப் புகைபோக்கிக்கு நேரே வந்தாராம். அடுத்த வெள்ளிக்கிழமை எட்டு மணி அடித்து இரண்டு நிமிஷத்துக்கே வந்துவிட்டாராம். கடிகாரம் தப்பா, அகத்தியர் தப்பா என்று கேட்டிருந்தார்கள். காரணத்தை நாம் எழுதவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்த்து, எத்தனை மணிக்கு வருகிறார் என்று எழுதும்படி பதில் போட்டோம். பதிலுக்காகச் சில கார்டுகளையும் வாங்கி அனுப்பினோம்.